அங்கே உயிர் இருக்கா என்று கேட்பதைக் கொஞ்சம் நிறுத்துவோம்

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற பெயர் எங்கட ஃபோன்களுக்குள் வந்து சேர்ந்தது. 124 ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு கோள். அதன் வளிமண்டலத்தில் டைமெதைல் சல்பைட் என்ற வாயுவின் தடயம் இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. அவ்வளவும் போதுமாக இருந்தது. "இருக்கலாம்" என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துபோக, அடுத்த நாளே யூரியூப்பில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. பிறகு வேறு குழுக்கள் அதே தரவை எடுத்துப் பார்த்து, அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றன. அதை ஒருத்தரும் ஃபோர்வேர்ட் பண்ணவில்லை.

இதே கோளைப் பற்றி 2020 இலும் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஹபிள் தொலைக்காட்டியை வைத்து, புற ஊதா ஒளியில் பார்த்தது. அந்தக் கோளிலிருந்து ஐதரசன் விண்வெளிக்குக் கசிந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு ஒரு மெல்லிய அறிகுறி கிடைத்தது. உறுதியான முடிவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். இது தமிழில் எங்காவது வந்ததாக எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு கோளில் காற்று இருக்கிறது என்றால் தலைப்புச் செய்தி. அந்தக் காற்று போய்க்கொண்டிருக்கிறது என்றால் செய்தியே இல்லை.

எங்கள் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கோளில் என்ன காற்று இருக்கிறது என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. அந்தக் காற்று எவ்வளவு காலம் நிற்கும், பக்கத்திலிருக்கும் நட்சத்திரம் அதை என்ன பாடு படுத்துகிறது என்பது மற்ற அரை. அந்த மற்ற அரைக்கான பதிலில் பெரும்பங்கு புற ஊதாவில்தான் இருக்கிறது. அதை வேண்டிய நுட்பத்தோடு பார்க்கக்கூடிய கண் இன்றைக்கு ஏறத்தாழ ஒன்றே ஒன்று. அந்தக் கண்ணுக்கு எங்களை விட வயது கூட. அது மூடினால் அடுத்தது எப்போது திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதைப் பற்றிக் கதைக்க வேண்டிய நேரத்தில் வேற்றுக்கிரகவாசியை வரவேற்கக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கட பாடப்புத்தகத்தில் இது கழியூதா. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் புற ஊதா. இணையத்தில் இரண்டாவதுதான் கூடப் புழங்குகிறது, அதனால் இங்கே அதையே எழுதுகிறோம். ஆனாலும் கழியூதா நல்ல சொல். ஊதாவைக் கழிந்து அப்பால் போனது என்பது அதுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் வன்னிப் பக்கம் கிறவல் றோட்டில் லொறி ஒன்று போவதைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். லொறி ஒரு புள்ளி. அதுக்குப் பின்னால் எழும்பும் செம்புழுதியோ வயலை மூடுகிற அளவுக்குப் பெரிசு. லொறி எவ்வளவு வேகமாகப் போகிறது, றோட்டு எவ்வளவு காய்ந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது எல்லாவற்றையும் புழுதியைப் பார்த்தே சொல்லிவிடலாம். சாதாரண ஒளியில் பார்ப்பவர்களுக்கு லொறி தெரிகிறது. புற ஊதாவில் பார்ப்பவர்களுக்குப் புழுதி தெரிகிறது.

ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கால் போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் மங்கும். எச்டி 209458 என்ற நட்சத்திரத்தில் இதை முதன்முதலில் பார்த்தது 1999 இல். அந்தக் கோள் வியாழனைப் போல ஒரு வாயுக் கோளம், ஆனால் தன் நட்சத்திரத்தை மூன்றரை நாளில் ஒரு தடவை சுற்றிவிடுகிற அளவுக்குக் கிட்ட இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது மறைப்பது நட்சத்திர வெளிச்சத்தில் சுமார் 1.5 சதவீதம். 2001 இல் அல்ஃபிரட் விடால்-மஜார் என்ற பிரெஞ்சு வானியலாளரின் குழு ஹபிளில் இருந்த நிறமாலைக் கருவியை வைத்து மூன்று கடப்புகளைப் புற ஊதாவில் பார்த்தது. அவர்கள் பார்த்தது 121.6 நானோமீற்றர் அலைநீளத்தில். ஐதரசன் அணு பிடித்து விழுங்குகிற ஒளி அது, லைமன் அல்பா என்று பெயர். அங்கே மறைப்பு சுமார் 15 சதவீதம். பத்து மடங்கு.

அந்தப் பத்து மடங்குக்கு ஒரே விளக்கம்தான் பொருந்தியது. கோளைச் சுற்றி அதன் ஈர்ப்பின் பிடிக்கும் அப்பால் ஐதரசன் பரந்து கிடக்கிறது. அதாவது காற்று தப்பி ஓடுகிறது. செக்கனுக்குக் குறைந்தது 10,000 தொன் என்று கணக்குப் போட்டார்கள். முடிவு வெளிவந்தது 2003 இல், எங்களில் பலர் பிறந்த காலம்.

(10,000 தொன் என்றதும் கோள் ஆவியாகிப் போய்விடும் என்று தம்ப்நெயில் செய்ய வேண்டாம். கோள் அவ்வளவு பெரிசு. இந்த வேகத்தில் 500 கோடி வருடம் ஓடினாலும் போவது அதன் திணிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.)

2015 இல் வந்தது இன்னும் பெரிய கதை. ஜிஜே 436பி, நெப்டியூன் அளவிலான ஒரு கோள், 30 ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 0.7 சதவீதத்தை மறைக்கிறது. லைமன் அல்பாவில் 56 சதவீதம். நட்சத்திரத்தின் பாதிக்கு மேல் மறைந்துபோகிறது. கோள் வந்து சேருவதற்கு இரண்டு மணித்தியாலம் முந்தியே மங்கத் தொடங்கி, கோள் போன பிறகும் மங்கியே கிடக்கிறது. வால்வெள்ளி போல ஐதரசன் வால் இழுத்துக்கொண்டு போகிற ஒரு கோள். இந்த வாலை ஜேம்ஸ் வெப்பால் பார்க்க முடியாது. எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தாலும் முடியாது.

ஏன் முடியாது என்பதை எங்கட வீட்டு நகையே சொல்லும். தங்கம் மஞ்சளாக இருப்பது அது நீல ஒளியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால். வெப்பின் கண்ணாடிகளுக்குப் பூசியிருப்பது தங்கம். அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பத் தங்கத்தை விட நல்லது குறைவு, புற ஊதாவுக்கு அது சுவர். வெப்பின் பார்வை தொடங்குவதே 600 நானோமீற்றரில், செம்மஞ்சள் நிறத்தில். ஆகவே "ஹபிளின் வாரிசு வெப்" என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு பெரிய இழப்பை மூடி மறைக்கிறது. இந்தச் சொத்துக்கு வாரிசு இன்னும் பிறக்கவில்லை.

தரையிலிருந்து பார்க்கலாமே என்றால், எங்கள் தலைக்கு மேலே ஓசோன் இருக்கிறது. சுமார் 300 நானோமீற்றருக்குக் கீழே அது ஒன்றையும் விடாது. அது விடாததால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், ஆகவே அதில் குறை சொல்ல ஏலாது. இதற்கெல்லாம் விண்வெளிக்குத்தான் போக வேண்டும். போனாலும் தொல்லை தீராது. நட்சத்திரங்களுக்கு இடையில் பரவிக் கிடக்கும் ஐதரசன், லைமன் அல்பாவின் நடுப்பகுதியை அப்படியே தின்றுவிடும். இரண்டு ஓரங்கள்தான் எங்களுக்கு மிச்சம். அதுக்கு மேலே பூமியே அந்த ஒளியில் மினுங்கிக்கொண்டு குறுக்கே நிற்கும்.

பூமி மினுங்குவதைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். 1972 ஏப்ரலில் அப்பலோ 16 நிலவுக்குப் போனபோது ஒரு புற ஊதாக் கமராவைக் கொண்டுபோய் நிலவு மண்ணில் நட்டார்கள். அதை வடிவமைத்தவர் ஜோர்ஜ் கருதர்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க விஞ்ஞானி. நிலவில் வைக்கப்பட்ட முதல் வானியல் தொலைக்காட்டி அதுதான். அந்தப் படத்தில் பூமியைச் சுற்றி ஒரு பெரிய ஒளிவட்டம் தெரியும். அது எங்கட வளிமண்டலத்திலிருந்து கழன்று போகும் ஐதரசன். செக்கனுக்குச் சுமார் 3 கிலோ போகிறது. பூமிக்கும் புழுதி உண்டு. எங்கட உலகம் எப்படிக் கசிகிறது என்பதை முழுசாகக் காட்டிய படம் புற ஊதாப் படம். ஆனால் அப்பலோ என்றால் எல்லாருக்கும் நினைவில் வருவது நீலப் பளிங்கு போல இருக்கும் அந்த மற்றப் படம்தான், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதால்.

அழகுதான் இங்கே பிரச்சினை என்று எங்களுக்குப் படுகிறது. வெப் எடுக்கும் படங்கள் வோல்பேப்பர் ஆகின்றன. புற ஊதா நிறமாலையில் கிடைப்பது இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் உள்ள ஒரு கோடு. வோல்பேப்பர் போட ஏலாது. ஆனால் வானியலுக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் மக்களின் கைதட்டலையும் பார்க்கிறார்கள். எதற்குக் கைதட்டுகிறோம் என்பது எது அடுத்து ஏவப்படும் என்பதில் போய் முடிகிறது. கலைப்பீடத்தில் ஊடகமும் அரசியலும் படிக்கிற எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. படம் கிடைக்கிற துயரத்துக்கு நிவாரணம் வரும், படம் கிடைக்காத துயரம் கோப்பில் கிடக்கும். விண்வெளியிலும் அதே கதை.

ஹபிளின் கதையைப் பாருங்கள். ஏவியது 1990 இல். விடால்-மஜார் பயன்படுத்திய கருவியை 1997 இல் விண்வெளி ஓடத்தில் போய்ப் பொருத்தினார்கள். 2003 இல் கொலம்பியா ஓடம் திரும்பி வரும்போது சிதறி ஏழு பேர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் நாசாவின் அன்றைய தலைவர் ஷோன் ஓகீஃப், ஹபிளைத் திருத்தப் போகும் கடைசிப் பயணத்தை இரத்துச் செய்தார். அதே வருடம் ஓகஸ்ட்டில் அந்த நிறமாலைக் கருவி மின்வழங்கல் பழுதாகி நின்றுபோனது. ஐதரசன் தப்புவதைக் கண்டுபிடித்து ஒரு வருடம் ஆகியிருக்கும், கண்டுபிடித்த கண்ணே போயிற்று. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் போட்ட சத்தத்துக்குப் பிறகு 2006 இல் புதிய தலைவர் முடிவை மாற்றினார். 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் போய், திரும்ப மறுத்த ஒரு ஆணியால் சிக்கிக்கொண்ட கைப்பிடியைக் கையாலேயே முறித்து எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன ஆணிகளைக் கழற்றி, கருவியை உயிர்ப்பித்தார்கள். ஜிஜே 436பியின் வால் தெரிந்தது அந்தத் திருத்தத்தால்தான். சத்தம் போட்டால் வேலை நடக்கும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இப்போது விண்வெளி ஓடங்கள் இல்லை. கடைசி ஓடம் பறந்தது 2011 இல். 2024 ஜூனிலிருந்து ஹபிள் ஒரே ஒரு சுழல்காட்டியை நம்பி வேலை செய்கிறது. முந்தி மூன்றை வைத்துச் செய்த வேலை.

சரி, வெப் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு வெப்பின் சொந்தக் கணக்கையே காட்டுவோம். பாறைக் கோள்களுக்குக் காற்று இருக்கா இல்லையா என்று தேட வெப்பில் 500 மணித்தியாலங்களை ஒதுக்கி ஒரு பெரிய திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்குள்ளேயே ஹபிளின் சுமார் 250 சுற்றுகளையும் சேர்த்திருக்கிறார்கள். எதற்கு? அந்தக் கோள்களின் நட்சத்திரங்களைப் புற ஊதாவில் அளக்க. நட்சத்திரம் எவ்வளவு புற ஊதாவைக் கொட்டுகிறது என்று தெரியாமல் கோளின் காற்றைப் பற்றி எதையும் சொல்ல ஏலாது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கட செய்தித் தளங்களுக்குத்தான் தெரியாது.

ஏனென்றால் வளிமண்டலம் போத்தலில் அடைத்த காற்று மாதிரிச் சும்மா கிடப்பதில்லை. நட்சத்திரத்தின் புற ஊதா அதை ஓயாமல் உடைத்துக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. 2022 இல் வெப் வாஸ்ப்-39பி என்ற கோளில் கந்தகவீரொட்சைட்டைக் கண்டது. அந்த வாயு அங்கே தானாக இருக்க வேண்டியதில்லை. நட்சத்திர ஒளி மூலக்கூறுகளை உடைத்ததால்தான் உருவானது. புறக்கோள் ஒன்றில் ஒளியால் நடக்கும் வேதியியலுக்குக் கிடைத்த முதல் சான்று அது. பார்த்தது அகச்சிவப்பில், காரணம் இருப்பது புற ஊதாவில்.

இந்த இடத்தில்தான் உயிர்க் கதை ஆபத்தாகிறது. ஒரு கோளில் ஒட்சிசன் கிடைத்துவிட்டது என்று வைப்போம். கைதட்டலாமா? சில சிவப்புக் குள்ள நட்சத்திரங்களின் தொலை புற ஊதா, காபனீரொட்சைட்டை உடைத்து உயிரே இல்லாமல் ஒட்சிசனைச் சேர்த்து வைக்கலாம். அந்த நட்சத்திரத்தைப் புற ஊதாவில் அளக்காமல் ஒட்சிசனை உயிரின் அடையாளம் என்பது, சமையலறையில் புகை தெரிகிறது, ஆகவே சோறு வெந்துவிட்டது என்பது போல. வீடே எரிந்துகொண்டிருக்கலாம்.

எரிவதும் உண்மைதான். எங்களுக்கு ஆகக் கிட்ட இருக்கும் நட்சத்திரம் புரொக்சிமா சென்டோரி, 4.2 ஒளியாண்டு. அதுக்கு ஒரு பூமி அளவான கோள் உண்டு, "வாழக்கூடிய வலயத்தில்" இருக்கிறது என்று தமிழிலும் நிறைய எழுதினார்கள். 2019 மே 1 அன்று அந்த நட்சத்திரத்தில் நடந்த ஒரு வெடிப்பை ஹபிள் உட்பட பல தொலைக்காட்டிகள் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தன. சில செக்கன்களுக்குள் அதன் தொலை புற ஊதா வெளிச்சம் 14,000 மடங்கு கூடியது. சாதாரண ஒளியில் பார்த்தவர்களுக்கு அதில் சிறிதளவுதான் தெரிந்தது. வாழக்கூடிய வலயம் என்ற சொல் வெப்பநிலையை மட்டும் வைத்துக் கட்டிய சொல். தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தூரம், அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் காற்று மிஞ்சுமா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. இடத்தைக் காட்டி இது குடியிருக்கத் தகுந்த காணி என்று சொல்லிவிட்டு, அங்கே என்ன விழுந்துகொண்டிருக்கிறது என்று சொல்லாமல் விட்ட கதைகள் எங்கட மண்ணிலும் உண்டு.

ட்ரப்பிஸ்ட்-1 ஐயும் மறக்கக் கூடாது. 2017 பெப்ரவரியில் ஏழு கோள்கள் என்று அறிவித்தபோது "ஏழு பூமிகள்" என்றே கொண்டாடினார்கள். 2023 இல் வெப் பார்த்தபோது ஆக உள்ளே இருக்கும் கோளுக்குச் சொல்லத்தக்க வளிமண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவதுக்கு வெள்ளியைப் போல அடர்த்தியான காபனீரொட்சைட்டுப் போர்வை இல்லை. காற்று எங்கே போனது? எப்போது போனது? இதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த நட்சத்திரத்தின் புற ஊதா வரலாறு.

மறுபக்கத்தையும் பார்ப்போம், இதுதான் எங்களை ஆகக் கூடுதலாக உலுக்கியது. உயிர் இல்லாத இடத்தில் உயிர் என்பது ஒரு பிழை. உயிர் இருக்கும் இடத்தைப் பார்த்து இல்லை என்று போய்விடுவது இன்னொன்று. பூமியில் இப்போது இருக்கிற அளவுக்கு ஒட்சிசன் சேர்ந்தது கடந்த 50 கோடி வருடச் சொச்சத்துக்குள்தான். அதுக்கு முந்தி, 100 கோடி வருடத்துக்கும் மேலான ஒரு நீண்ட காலம், உயிர் கடல் முழுக்க இருந்தது, ஒட்சிசனும் உண்டாகிக்கொண்டிருந்தது, ஆனால் காற்றில் மிகக் கொஞ்சமாகத்தான் நின்றது. அந்தப் பூமியைத் தூரத்திலிருந்து சாதாரண ஒளியில் யாராவது பார்த்திருந்தால் ஒட்சிசனின் கோடு தெரிந்திராது. வெறும் கல் என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் கொஞ்ச ஒட்சிசனும் கொஞ்ச ஓசோனை உண்டாக்கும். ஓசோன் 250 நானோமீற்றர் பக்கம் புற ஊதாவை வெறித்தனமாக விழுங்கும். புற ஊதாக் கண் உள்ள ஒருவருக்கு அந்தப் பூமி தன்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். பூமியின் வரலாற்றில் எத்தனையோ கோடி வருடங்களுக்குப் பூமியைக் கண்டுபிடிக்க முடியாத ஒரு தொலைக்காட்டியைக் கட்டி, அதைக் கொண்டு இன்னொரு பூமியைத் தேடப் போவதா?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அமெரிக்க வானியலாளர்கள் பத்து வருடத்துக்கு ஒரு தடவை போடும் திட்டம் 2021 நவம்பரில் வெளிவந்தது. சுமார் 6 மீற்றர் கண்ணாடியுடன் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா மூன்றையும் பார்க்கும் ஒரு விண்வெளித் தொலைக்காட்டியைக் கட்டச் சொன்னார்கள். மதிப்பு 1,100 கோடி டொலர். ஏவுவது 2040களில். அப்போது எங்கட பட்ச் நாற்பது வயதைத் தொட்டிருக்கும். பெரிய திட்டங்களில் காசு இறுகும்போது முதலில் வெட்டுவது எதை? படத்துக்கு உதவாததை, செய்யக் கஷ்டமானதை. புற ஊதா இரண்டுமே. அதுக்கு அலுமினியக் கண்ணாடி வேண்டும், அலுமினியம் காற்றுப் பட்டதும் மங்காமல் இருக்க மெல்லிய புளோரைட்டுப் பூச்சு வேண்டும், ஒரு தூசி, ஓர் எண்ணெய்ப் படலம் பட்டாலும் பார்வை கெடும். "இதை விட்டுவிட்டால் மலிவாக முடிக்கலாம்" என்று ஒரு கூட்டத்தில் யாராவது சொல்லும் நாளை எங்களால் இப்போதே கற்பனை செய்ய முடிகிறது. அன்றைக்கு அதை எதிர்த்துப் பேச, புழுதி ஏன் முக்கியம் என்று தெரிந்த மக்கள் உலகம் முழுக்க இருக்க வேண்டும்.

எதிர்வாதங்கள் உண்டு. 2018 முதல் ஹீலியத்தின் ஒரு அகச்சிவப்புக் கோட்டை வைத்துத் தரையிலிருந்தே காற்று தப்புவதைப் பார்க்கிறார்கள். நல்ல வழிதான், மலிவானதும்கூட. ஆனால் ஹீலியம் அணு அந்தக் கோட்டைக் காட்டும் நிலைக்கு வருவதே நட்சத்திரத்தின் கடும் புற ஊதாவால்தான். அது எவ்வளவு என்று தெரியாமல் ஹீலியத்தை வாசிப்பது அகராதி இல்லாமல் பாடம் கேட்பது. சின்னச் செய்மதிகள் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். 2021 செப்டெம்பரில் கொலராடோ பல்கலைக்கழகம் அனுப்பிய கியூட் என்ற செய்மதி காலை உணவுப் பெட்டி ஒன்றின் அளவுதான், ஆனால் வெப்பமான ஒரு கோளிலிருந்து மக்னீசியம் வெளியேறுவதைக் கண்டது. எங்களுக்கு ஆகப் பிடித்த கருவி அதுதான். அது பார்ப்பது கிட்டிய புற ஊதாவை மட்டும், லைமன் அல்பா அதுக்கு எட்டாது. 2030 இல் ஏவத் திட்டமிட்டுள்ள நாசாவின் யூவெக்ஸின் முக்கிய வேலை முழு வானத்தையும் வருடுவது. எல்லாம் வரட்டும். ஒன்றும் மற்றதுக்குப் பதில் இல்லை.

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன்" என்ற கேள்விக்கு வருவோம். இதை எங்களிடம் கேட்பது பெரும்பாலும் எங்கட ஆட்களேதான். பதினாறு வயதில் ஓ.எல். முடிந்ததும் கலைப்பிரிவு என்று ஒரு கதவால் அனுப்பிவிட்டு, பிறகு வானத்தைப் பற்றிக் கதைத்தால் "உங்களுக்கு என்ன விளங்கும்" என்கிறார்கள். அதே ஆட்கள் ஏலியன் வீடியோவை எங்களுக்கு அனுப்புகிறார்கள். நுட்பமான கேள்வி விஞ்ஞானப் பிரிவுக்கு, பரபரப்பு மிச்சம் எல்லாருக்கும் என்ற இந்தப் பங்கீட்டைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

இலங்கைக்கு இதில் உறவே இல்லை என்பதும் பிழை. காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும நாசாவில் வேலை செய்தபோது, 1963 இல் கார்ல் சேகனுடனும் ரூத் மரினருடனும் சேர்ந்து, ஆதிகாலப் பூமியைப் போன்ற ஒரு கரைசலில் புற ஊதாவைப் பாய்ச்சி ஏடிபி மூலக்கூறு உருவாவதைக் காட்டினார். உயிர்க்கலங்கள் சக்தியைக் கைமாற்றும் மூலக்கூறு அது. புற ஊதா அழிப்பது மட்டுமில்லை, ஆக்கவும் செய்யும் என்று ஆய்வுகூடத்தில் தேடியவர்களில் ஒருவர் இந்தத் தீவின் பிள்ளை. பின்னாளில் கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார். எங்கட பள்ளிக்கூடங்களில் அந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

2019 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் பெயர் வைக்கக் கொடுத்தது. இலங்கைக்குக் கிடைத்தது எச்டி 205739. நட்சத்திரத்துக்குச் சாமய, கோளுக்குச் சமகிய. சமாதானம், ஒற்றுமை. இரண்டும் சிங்களச் சொற்கள். ஒற்றுமைக்குப் பெயர் வைக்கும்போது எங்கட மொழிக்கு இடமில்லாமல் போனது பற்றிக் கோபப்படலாம், கோபப்படுகிறோம். ஆனால் அந்தக் கோபத்தோடு அந்தக் கோளைப் பற்றி ஒரு விஷயத்தையும் தெரிந்துகொள்வோம். அது எங்கள் பார்வைக்குத் தன் நட்சத்திரத்தின் குறுக்கால் போவதாகத் தெரியவில்லை, நட்சத்திரம் லேசாக ஆடுவதை வைத்துத்தான் 2008 இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே மேலே சொன்ன கடப்பு முறை எதுவும் அங்கே செல்லாது. பெயர் இருக்கிறது, அதன் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. சமகிய என்ற அந்தக் கோளுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

கடைசியாக ஒரு காரியம். ஹபிளின் தரவுகள் பொதுச் சொத்து. ஆய்வாளர்களுக்கான தனியுரிமைக் காலம் முடிந்ததும் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் இருக்கும் ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுகிறார்கள். 2001 இல் பார்த்த அந்த மூன்று கடப்புகளும் அங்கேயே இருக்கின்றன. 2007 இல் லொட்ஃபி பென்-ஜஃபெல் என்ற விஞ்ஞானி காப்பகத்தில் இருந்த அதே தரவைத் திரும்ப எடுத்து ஆராய்ந்து, மறைப்பு 15 இல்லை, சுமார் 9 சதவீதம்தான் என்று எழுதினார். விடால்-மஜார் குழு 2008 இல் பதில் எழுதியது: கோட்டின் எந்தப் பகுதியை எடுத்து அளக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம், தரவில் சண்டை இல்லை, கோளை விடப் பெரிதாக ஐதரசன் பரந்திருப்பதை இருவருமே ஒத்துக்கொள்கிறோம் என்று. ஒரே பிரதி, இரண்டு வாசிப்பு, எந்த வரியிலிருந்து எந்த வரி வரை வாசிப்பது என்பதில் தகராறு. மூன்று வருடமாக இலக்கிய விரிவுரைகளில் நாங்கள் செய்வதும் இதுதான். அந்தக் கோப்பை இறக்க யாரும் காசு கேட்பதில்லை, எந்தப் பிரிவில் ஏ.எல். செய்தாய் என்றும் கேட்பதில்லை. எங்கட கூட்டத்தில் இரண்டு பேர் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். கணிதம் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்தால் நல்லம்.